சபூறா போன வீடு

எங்கள் ஒழுங்கையில் சபூறாத்தா குடையை விரித்துக்கொண்டு நடந்தால், பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். எந்த வீட்டுக் கடப்படி வாசலில் திரும்புகிறார் என்று தெரிய வேண்டும். கடைக்குத்தான் போகிறார் என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புவார்கள். ஏனென்றால் சபூறாத்தா ஒரு வீட்டுக்குள் போவது இரண்டு காரியத்துக்குத்தான். பெண் மௌத்தானால் அந்த மையித்தைக் குளிப்பாட்டி வெள்ளைக் கபன் துணி உடுத்தப் போவார். ஆண் மௌத்தானால் அவன் பெண்சாதியின் வளையலைக் கழற்றி, வெள்ளை உடுத்தி, நாலு மாதமும் பத்து நாளும் வெளியாட்கள் கண்ணில் படாமல் அவளை இத்தாவில் இருத்தப் போவார்.

கலியாண வீட்டுக்கு அழைத்தாலும் வரமாட்டார். “என்னத்துக்கு? மாப்பிள்ளட உம்மாக்கு வயிறு கலக்கவா?” என்று சிரிப்பார். பெருநாளைக்கு நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போவோம்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆண்களுக்கு அதைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பெண்கள் அதற்கு வைத்த பெயர் ‘கை வைக்கிறது’. நித்திரை வராதவர்கள், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறவர்கள், காரணமில்லாமல் உடம்பு உதறுகிறவர்கள், புருஷன் கட்டார் நாட்டில் இருக்க இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளை வளர்க்கிறவர்கள், எல்லாரும் பக்கத்து வளவில் இருக்கும் என் கிணற்றடியைக் கடந்து பின்வேலியால் அவர் வீட்டுக்குப் போவார்கள். எண்ணெய் இல்லை, அமுக்குவதில்லை, ஓதி ஊதுவதுமில்லை. பாயில் படுக்கச் சொல்வார். தலைமாட்டில் உட்கார்ந்து, “இப்ப பிடரிக்குக் கீழ கை வைக்கப் போறன் மகள்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். இரண்டு உள்ளங்கையிலும் தலையை ஏந்திக்கொண்டு அப்படியே இருப்பார். பிறகு நெஞ்சுக்கு மேல் ஒரு கை, முதுகுக்குக் கீழ் ஒரு கை. கடைசியில் குதிக்கால். அவ்வளவுதான்.

“சும்மா கைய வச்சிக்கிட்டு இரிக்கிறதுக்கும் ஒரு ஆளா?” என்று நானும் கேலி பண்ணியிருக்கிறேன். எனக்குத் தையல் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்தும் தாடையும் கல்லாகிப் போயிருந்த காலத்தில், சரி பார்ப்போமே என்று ஒருநாள் போய்ப் படுத்தேன். மூச்சு தன்பாட்டில் வயிற்றுக்கு இறங்கியது. தாடை விட்டுக்கொடுத்தது. நான் அழவில்லை, ஆனால் கண்ணில் இருந்து தண்ணீர் காதுக்குள் வடிந்தது. எழும்பியபோது பின்நேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கேலி பண்ணியதில்லை.

இதை அவர் படித்தது சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த வருஷம். அந்தக் காலையில் புருஷனும் ஒரே மகளும் போனார்கள். புருஷனின் மையித்துக் கிடைத்தது, மகள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது சபூறாத்தாவின் கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாத அளவுக்கு நடுங்கும். தமிழில் எடுத்துச் சொல்ல மட்டக்களப்புப் பிள்ளை ஒன்றையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி வந்தாள். பயந்த உடம்பை எப்படி அமைதியாக்குவது என்று காட்டினாள். நாங்கள் போய் உட்கார்ந்தது அங்கே தந்த பிஸ்கட்டுக்காகத்தான், மறைப்பானேன். அவள் சபூறாத்தாவின் குதிக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். கடல் வந்த நாளிலிருந்து கண் மூடாதவர் அந்த வகுப்பறைச் சீமெந்துத் தரையில் குறட்டை விட்டுத் தூங்கினார். வெள்ளைக்காரி போகும் மட்டும் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்து, அந்த வித்தையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

மையித்து வேலைக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு. மகளுக்குத் தன் கையால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றக் கிடைக்கவில்லையே என்ற வேக்காடுதான் காரணம். மையித்தையும் அவர் அதே மாதிரித்தான் தொடுவார். என் உம்மாவைக் குளிப்பாட்டிய நாளில் தண்ணீர் ஊற்ற நானும் நின்றேன். “இப்ப வலப்பக்கம் திருப்பப் போறன் ராத்தா” என்று மௌத்தான என் உம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்பினார்.

ஒரே கைதான் என்று பின்வேலியால் வருகிற பெண்களுக்கும் தெரியும். தெரிந்தும் வந்தார்கள், ஏனென்றால் ஓர் ஒழுங்கு இருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் அவரிடம் போவார்கள், மௌத்தானவர்களிடம் அவர் போவார். இது மாறாத வரைக்கும் ஒருவருக்கும் பயமில்லை. அவரும் அதைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பேரன் பேத்தி இல்லை. உயிருள்ள ஓர் உடம்பைத் தொட அவருக்கு வேறு வழியே இல்லை. ஒருநாள் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: “முஸ்பிறா, இவங்களும் வராட்டி, மையித்தத் தவிர எனக்குத் தொட ஒண்டும் இரிக்காது. பொறகு என்ட கையும் குளிர்ந்துதான் போகும்.”

இப்படியிருக்க, எங்கள் ஒழுங்கை றாஹிலாவின் மருமகன் பர்ஸான் போன ஆழ்கடல் படகு திரும்பி வரவில்லை.

மற்றப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. காற்றும் மழையுமாக இருந்த நேரம். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பர்ஸானின் பெண்சாதி றுஸ்தா, றாஹிலாவின் மகள், கைக்குழந்தைக்காரி, உம்மா வீட்டு முன்வாசல் படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இரண்டு கையும் பொத்திக்கொண்டன. தாடை பூட்டிக்கொண்டது. சோறு தொண்டையால் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த நித்திரைக் குளிசையைப் போடவும் மாட்டாள், நித்திரையானால் பர்ஸான் எடுக்கும்போது போன் சத்தம் கேட்காமல் போய்விடுமாம். பால் வற்றிப் போனது. புள்ளை வெறும் மார்பைச் சப்பிவிட்டு வீரிட்டு அழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒரு தையல் நேராகப் போட முடியவில்லை.

பர்ஸானின் உம்மா சுல்பிகா கடற்கரைப் பக்கம் மூத்த மகன் ஜெஸீமோடு இருந்தார். தினமும் வந்து மருமகளின் தலையைத் தடவுவார். “என்ட மகன் கடலுக்குப் பழகினவன், வருவான்” என்று சொல்வார். சொல்லும்போது அவருடைய உதடு வெளுத்திருக்கும்.

றாஹிலா பின்வேலியால் சபூறாத்தாவிடம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“புள்ளையக் கூட்டிக்கொண்டு வாங்க. பொழுது படுமட்டும் கை வைக்கிறன்” என்றார் சபூறாத்தா.

“அவ வாசல்படிய விட்டு எழும்புறா இல்ல. நீங்கதான் வரணும்.”

“எனக்கு ஏலா றாஹிலா. நான் உங்கட கடப்படியத் தாண்டினா சனம் என்ன நெனைக்கும் எண்டு தெரியாதா உங்களுக்கு? அந்த வீட்டுக்கு, அதுவும் இந்த நேரத்தில?”

“சனம் நெனைச்சிட்டுப் போகட்டும். என்ட புள்ள செத்திருவாள்.”

சபூறாத்தா மாட்டேன் என்று தலையாட்டினார். றாஹிலா அழுதாள், காலைப் பிடிக்கப் போனாள், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினாள். “மையித்தான பொறகு மட்டும் வருவீங்க, என்ன?” என்றாள். அது குத்திவிட்டது. அவர் எழும்பி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

பகல் லுஹர் தொழுது சாப்பிட்டுவிட்டு ஊர் சரிந்து கிடக்கும் நேரம் பார்த்துப் போனோம். மையித்து வீட்டுக்குக் கொண்டு போகும் பையை அவர் எடுக்கவில்லை. கையை வீசிக்கொண்டுதான் வந்தார். அப்படியும் பாண் விற்கிற ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு அந்த நேரம் பார்த்துத்தானா ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும்? பாண் வாங்க வெளியே வந்த இரண்டு பெண்கள் சபூறாத்தா றாஹிலா வீட்டுக்குள் போவதைக் கண்டார்கள். பாண் வாங்காமலே திரும்பி ஓடினார்கள்.

உள்ளே றுஸ்தாவை ஒருவாறு அறைக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தோம். போனை விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

“தாங்க மகள், இஞ்ச பாருங்க, என்ட மடியில வைக்கிறன். அடிச்சா அந்த நிமிஷம் எழுப்புவன். வல்லாஹி, சத்தியமா எழுப்புவன்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு சபூறாத்தா தலைமாட்டில் உட்கார்ந்தார். “பிடரிக்குக் கை வைக்கப் போறன்” என்றார். நான் புள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். முதலில் றுஸ்தாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் அடக்கவில்லை, அழுத்தவில்லை, தலையை ஏந்தியபடி இருந்தார். உதறல் மெல்லக் கால்களுக்கு இறங்கி நின்றது. நெஞ்சில் கை வைத்தபோது அவள் ஒரு நீள மூச்சு விட்டாள், அழுது முடித்த பிள்ளை விடுமே அப்படி. பொத்தியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தூங்கிவிட்டாள். கொஞ்சத்தில் அவளுடைய சட்டை நனையத் தொடங்கியது. பால். றாஹிலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சபூறாத்தா என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் நான் முன்பு கண்டதில்லை.

அப்போதுதான் வெளியே கதிரைகள் இறக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் ஆட்கள் நல்ல காரியத்துக்கு வருவதென்றால் நாலு தரம் கூப்பிட வேண்டும். மௌத்து வீட்டுக்குக் கூப்பிடத் தேவையில்லை. ஒரு சின்னப் பட்டா லொறியில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்திருந்தன. யாரோ முற்றத்துக்கு நிழலாகத் தறப்பாள் கட்ட மரம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டமாக, அழுதுகொண்டே, இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

சபூறாத்தா பதறி எழும்பி ஓடினார். இரண்டு கையையும் விரித்து, “சத்தம் போடாதீங்க, ஒண்டுமில்ல, சத்தம் போடாதீங்க” என்று மறித்தார். அதுதான் வினையாகிப் போனது. மௌத்து வீடுகளில் ஒப்பாரி வைத்து அழுபவர்களை அவர் மறிப்பதும் அதே கை, அதே சொல்லால்தான். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல, விஷயம் உறுதி என்று எல்லாரும் இன்னும் பெரிதாக அழுதார்கள். “மௌத்தில்ல, மௌத்தில்ல!” என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்?

ஒருத்தி எங்களைத் தாண்டி அறைக்குள் போய்விட்டாள். றுஸ்தா கண் விழித்தபோது அவள் றுஸ்தாவின் மணிக்கட்டைப் பிடித்து வளையலை இழுத்துக்கொண்டிருந்தாள். “பொறுமையா இருங்க மகள், அல்லாஹ்ட நாட்டம்” என்று அழுதபடி இழுத்தாள். றுஸ்தா அப்போது போட்ட சத்தம் மனிசச் சத்தமாக இல்லை. என் தோளில் கிடந்த புள்ளை அழக்கூட மறந்து விறைத்துப் போனது.

செய்தி ஒன்றும் வரவில்லை, படகைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று றாஹிலா தலையில் அடித்துச் சொல்லி, கூட்டம் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கிய நேரம், கடற்கரைப் பக்கமிருந்து ஒருவன் மோட்டர்சைக்கிளில் வந்தான். யாரோ ஒரு புண்ணியவதி சுல்பிகாவுக்குப் போன் பண்ணி, “பர்ஸான்ட மையித்துக் கரைக்கு வந்திட்டாம்” என்று சொல்லியிருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே அவர் முற்றத்தில் விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்பே மூச்சு நின்றுவிட்டது.

வந்த கதிரைகள் வீணாகவில்லை. அதே லொறியில் ஏற்றி அங்கே கொண்டு போனார்கள்.

சுல்பிகாவைக் குளிப்பாட்டவும் சபூறாத்தாவைத்தான் கூப்பிட்டார்கள், வேறு ஆளில்லை. தண்ணீர் ஊற்ற நான் போனேன். குளிப்பாட்டும் இடத்தில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. சபூறாத்தாவுக்குப் பெருமையான ஒன்றை மட்டும் சொல்லலாம், சொல்கிறேன். சுல்பிகாவின் வலது கை இறுகப் பொத்தியிருந்தது. இழுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சபூறாத்தா மாட்டேன் என்றார். “கைய எடுக்கிறன் ராத்தா” என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, வெளியே ஆண்கள் அவசரப்படுத்துவதைக் கேட்காதவர்போல அது தானாக விடும்வரை உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்ணீர் விழுந்த இடங்களிலும் நான் தண்ணீர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு என் கிணற்றடியால் ஒருத்தியும் போகவில்லை. ‘சபூறா போனா, மௌத்து வந்திச்சி’ என்று கதை கட்டினார்கள். கதிரை கொண்டு வந்தவனும் போன் பண்ணினவளும் வளையலை இழுத்தவளும் நிம்மதியாகச் சோறு தின்றார்கள், பழி முழுக்க அவர் தலையில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த வளையல்காரி கொடுத்த சட்டைத்துணியைத் தைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். றுஸ்தாவும் சபூறாத்தாவின் பெயரைச் சொன்னாலே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். பால் மறுபடி வரவேயில்லை. புள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள்.

சபூறாத்தா பாயை விரிப்பதை விட்டுவிட்டார். மையித்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள், போனார். நான் போய்ப் படுத்தால், “உங்களுக்கு ஒண்டுமில்ல, என்னில பரிதாபப்பட்டு வந்திரிக்கீங்க” என்று எழுப்பி அனுப்பினார். மற்ற நேரமெல்லாம் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருப்பார்.

பிறகு ஒரு காலை, சுல்பிகாவின் போன் அடித்தது. அதை ஜெஸீம்தான் வைத்திருந்தார். வெளிநாட்டு இலக்கம். எஞ்சின் பழுதாகி மிதந்த படகைக் கண்டு ஒரு சரக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறது, எங்கோ ஒரு துறைமுகத்தில் இறக்கியிருக்கிறது. பர்ஸானுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் உம்மாவுடையது. “உம்மாட்டக் குடுங்க காக்கா” என்பதுதான் அவன் மூத்தவரிடம் முதலில் கேட்டது. உம்மா குளிக்கிறா என்று ஜெஸீம் பொய் சொன்னார்.

பர்ஸான் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். உம்மா மௌத்தான உண்மையை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். ஊர் சண்டை பார்க்கக் கதிரை போட்டுக் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். “விடமாட்டான், சபூறாட வீட்டை உடைக்கத்தான் போறான்” என்று கடை வாசலில் சந்தோஷமாகவே கதைத்தார்கள்.

ஒரு பின்நேரம் அவன் சபூறாத்தா வீட்டுக்கு வந்தேவிட்டான். பின்வேலியால் அல்ல, எல்லாரும் பார்க்க முன்வாசலால். பின்னால் புள்ளையைத் தூக்கிக்கொண்டு றுஸ்தா. ஒழுங்கை முழுக்கத் தலைகள். நான் வேலியைத் தாண்டி ஓடிப்போய் சபூறாத்தாவுக்கு முன்னால் நின்றேன். அடித்தால் என்னில் விழட்டும் என்ற வேகம்தான்.

“நீங்க கொஞ்சம் தள்ளுங்க முஸ்பிறாத்தா” என்றான். பிறகு அவரிடம், “சாச்சி, எங்கட உம்மாவக் குளிப்பாட்டினது நீங்கதானே?” என்று கேட்டான்.

“ஓம் மனே.”

“எனக்கு முகம் பார்க்கக் கிடைக்கல்ல. சந்தூக்குப் பெட்டியத் தூக்கக் கிடைக்கல்ல. ஒரு பிடி மண் போடக் கிடைக்கல்ல.” அவனுடைய தாடை பூட்டிக்கொண்டது. கை இரண்டும் பொத்திக்கொண்டன. சபூறாத்தாவின் கை தன்னை அறியாமல் மடியிலிருந்து எழும்பியது. அந்நிய ஆண் என்ற நினைவு வந்ததும் பாதியில் நின்றது. அவன் அந்தக் கையையே பார்த்தான். “உம்மாவக் கடைசியாத் தொட்டது இந்தக் கைதானே சாச்சி. என்னைத் தொட உங்களுக்குக் கூடாது, தெரியும். இத என்ட புள்ளட தலையில வைங்க.”

றுஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் புள்ளையை நீட்டினாள்.

“மகள்…” என்று புள்ளையிடம் தொடங்கினார் சபூறாத்தா. எங்கே கை வைக்கப் போகிறேன் என்று எப்போதும் சொல்கிறவருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கையை வைத்தார். கடல் வந்த வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். புள்ளை வீரிட்டு அழுதது. பர்ஸான் நிலத்தில் குந்தி, வாயை மூடாமல், உம்மாவைக் கூப்பிட்டு அழுதான். இரண்டு பேரில் ஒருவரையும் அவரால் அமர்த்த முடியவில்லை, அவர் கையை எடுக்கவும் இல்லை.